பானட்டின் மேல் ஒரு கை

பழைய ஜீப் வாங்க வருகிறவன், வண்டியைச் சுற்றி வந்து பார்ப்பதற்கு முன்னால், விலை கேட்பதற்கு முன்னால், பேச்சோடு பேச்சாகப் பானட்டின் மேல் உள்ளங்கையை வைப்பான். பார்க்க மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோல் இருக்கும். அன்பெல்லாம் ஒன்றுமில்லை, சந்தேகம். இரும்பு சில்லென்று இருந்தால்தான் மேற்கொண்டு பேச்சு. சுட்டால், விற்கிறவன் முன்கூட்டியே எஞ்சினை ஓடவிட்டுத் தயார் செய்து வைத்திருக்கிறான் என்று அர்த்தம். ஆறிக் கிடக்கும் எஞ்சின் முதல் தடவையிலேயே பிடிக்கிறதா, எவ்வளவு புகை தள்ளுகிறது, எப்படி இருமுகிறது என்பதில்தான் கிழட்டு வண்டியின் உண்மை தெரியும். சூடான எஞ்சின் யாரிடமும் நல்ல பிள்ளையாகத்தான் நடந்துகொள்ளும்.

என் வீட்டுக்காரருக்கு ஜீப் தொழிலுக்கு வருமுன்பே இந்தப் பழக்கம் கையோடு ஒட்டிப்போயிருந்தது. மணிமங்கலத்தில் எங்கள் வீட்டுக்குப் பெண் கேட்டு வந்த அன்று, என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே, வாசலில் நின்ற அப்பாவின் ஸ்கூட்டரில் கை வைத்துப் பார்த்தார். "இப்பத்தான் வந்தீங்களா மாமா?" என்று கேட்டாராம். வேலையிலிருந்து சீக்கிரமே வந்து காத்திருப்பதாகச் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டிருந்த அப்பாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அவர் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். கார் கம்பெனி வேலைக்கென்று வந்து, குன்றத்தூரில் ஊர்ப் பையன்களோடு ஒரே ரூமில் பாயைப் பகிர்ந்து படுத்தவர். நான் ஒரகடத்தில் கார் சீட்டுக்கு உறை தைக்கும் கம்பெனியில் லைனில் இருந்தேன். இருவருக்கும் ஒரே பஸ் நிறுத்தம். மீதியை விளக்க வேண்டியதில்லை. கம்பெனியில் அவருக்கு வேலை, ஓடும் லைனில் வந்து நிற்கிற ஒவ்வொரு காரிலும் அதே போல்ட்டுகளை முறுக்குவது. நாளெல்லாம் புத்தம்புதுக் கார்களைத் தொட்டுக்கொண்டிருந்தும் ஒன்றையும் ஓட்டிப் பார்த்ததில்லை என்று பொருமுவார். ஒருநாள் வேலையை விட்டுவிட்டு, ராணுவம் கழித்துப்போட்ட ஜீப் ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். அன்று நான் பேசிய பேச்சு தெருவுக்கே கேட்டது. எனக்குக் கோபம் வந்தால் ஒலிபெருக்கி தேவையில்லை.

ஆனால் மனிதர் ஜெயித்தார். ஒரகடம் கூட்டு ரோட்டுக்கு உள்ளே தள்ளி ஒரு காலி மனையை வாடகைக்குப் பிடித்து, தகர ஷெட் போட்டு, ஓரமாக இரண்டு அறை கட்டிக் குடியேறினோம். இந்தப் பக்கம் ரோட்டில் புதுக் கார்களை ஏற்றிய டிரெய்லர்கள் போய்க்கொண்டேயிருக்கும். அந்தப் பக்கம் எங்கள் ஷெட்டில், அந்தக் கார்களின் தாத்தன் பூட்டன் எல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். மலைத் தோட்டங்களில் கைவிட்ட ஜீப், கல்யாண ஊர்வலத்துக்கு ஓடி ஓய்ந்த ஜீப் என்று தேடிப் பிடித்து வாங்கி வருவார், சரி செய்வார், விற்பார். சீட்டு உறை நான் தைப்பேன். கம்பெனியில் தைக்கிற உறை யார் காருக்குப் போகிறது என்று எனக்குத் தெரியாது. இங்கே யார் உட்காரப்போகிறார்கள் என்று தெரியும். அதில் ஒரு சந்தோஷம் இருந்தது. அதை அவரிடம் நான் சொன்னதில்லை.

போடிக்கு மேலே ஏலக்காய் மலையில் ஒரு ஜீப் இருக்கிறது என்று தரகர் சொன்னபோது, லீவு போட்டு நானும் கூடப் போனேன். தோட்டத்துக்காரர் ஒரு கொட்டகையைத் திறந்துவிட்டார். பின் சீட்டில் கோழி முட்டையிட்டு வைத்திருந்தது. ஸ்டீயரிங் இடது பக்கம் இருந்தது. ரொம்பப் பழைய காலத்து வண்டி. இவர் வழக்கம்போல் பானட்டில் கை வைத்தார். "அது ஆறி எத்தனையோ வருசமாச்சு தம்பி" என்று தோட்டத்துக்காரர் சிரித்தார்.

மறுநாள் மத்தியானம் அதை உயிர்ப்பித்து, கீழே ஓட்டிக்கொண்டு கிளம்பினார். நான் வலது பக்கத்தில், வழக்கமாக டிரைவர் உட்காரும் இடத்தில், ஸ்டீயரிங் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். வண்டி ஆள் நடக்கிற வேகத்தைத் தாண்டவில்லை. பின்னால் பஸ்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே வந்தான். ஓரத்தில் போன குரங்குகள் எங்களைத் தாண்டிப் போயின. "எறங்கி நடந்தாலே முன்ன பூடலாம்" என்று நான் திட்டிக்கொண்டே வந்தேன். அவர் கண்ணை ரோட்டிலிருந்து எடுக்கவில்லை. மலை முடிந்து சமவெளி வந்ததும், வண்டியை ஆஃப் செய்து நிறுத்திவிட்டு, பிரேக்கை மிதித்துக் காட்டினார். கால் தரைவரைக்கும் போனது. அத்தனை கொண்டை ஊசி வளைவும் பிரேக் இல்லாமல் இறங்கியிருக்கிறோம்.

நான் அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன்.

"சொன்னா நீ எறங்கிருவேல்லா?" என்றார். "லோ-ல போட்டாச்சுன்னா வண்டி தானா நடக்கும்ட்டி. காலுக்கு வேலையே இல்ல."

ஜீப்பில் பெரிய கியர் கம்பிக்குப் பக்கத்தில் குட்டையாக இன்னொரு கம்பி இருக்கும். அதை லோ-வுக்குத் தள்ளினால் எஞ்சினின் பலமெல்லாம் இழுவைக்குப் போய்விடும், வேகம் இருக்காது. ஆக்சிலேட்டரை மிதிக்க வேண்டாம், கிளட்ச் வேண்டாம். மேட்டில் ஏறும், இறக்கத்தில் பாய்ந்து ஓடாது. அன்றைக்கு இதெல்லாம் எனக்கு எதற்கு என்றுதான் இருந்தது.

செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்ட அந்த மழைக்காலத்தில் அதே லோ-வில்தான் அவர் அந்த ஜீப்பைத் தண்ணீருக்குள் இறக்கினார். குன்றத்தூர்ப் பக்கம் தாழ்வான தெருக்களில் இடுப்பளவு நீர். நான் பின்னால் நின்று, மாடிப்படிகளில் தவித்த சனங்களை ஏற்றி உட்கார வைத்தேன். நடுவில் எங்கேயும் நிறுத்தக்கூடாது, கிளட்சைத் தொடக்கூடாது, அது பாட்டுக்கு நடக்கட்டும் என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார். வண்டி ஒரு தடவைகூட இருமவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு ஷெட்டில் கொண்டுவந்து நிறுத்தி, "இது விக்கிற வண்டி இல்ல" என்றார். அதற்கப்புறம் எத்தனையோ பேர் கேட்டும் கொடுக்கவில்லை.

ஒரு காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். இடது கை, இடது கால் இரண்டும் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது நாலு கால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு அறைக்கும் வாசலுக்கும் நடக்க முடிந்தது, அவ்வளவுதான். பேச்சு வந்தது, ஆனால் ஒவ்வொரு வார்த்தையையும் தேடி எடுத்துக் கொடுப்பதுபோல் வந்தது. நான் வீட்டையும் பார்த்து, ஷிஃப்டுக்கும் போனேன். ஷெட்டில் நின்ற மற்ற வண்டிகளை ஒவ்வொன்றாக விற்றேன். வாங்க வந்தவர்கள் பானட்டில் கை வைத்துப் பார்த்தார்கள். அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ரோட்டில் போகும் டிரெய்லர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஷெட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பவேயில்லை. அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

கடைசியில் அந்த இடதுபக்க ஜீப் மட்டும் நின்றது. அது அங்கே நிற்க நிற்க, இவர் முகம் வாடிக்கொண்டே போவதாக எனக்குப் பட்டது. நான் வேலைக்குப் போன பிறகு ஆளும் வண்டியும் எதிரெதிரே பிணம்போல் கிடப்பதை நினைத்தால் தையல் மெஷினில் ஊசி கோணலாகப் போகும். அந்த நேரம் பார்த்து மனைக்காரர் வந்து, இந்த இடத்தில் குடோன் வரப் போகிறது, காலி செய்ய வேண்டியிருக்கும் என்று சொன்னார். இதுதான் சாக்கு என்று, "ஜீப்பக் குடுத்துடலாமா?" என்று கேட்டேன்.

"வித்துரு" என்றார்.

ஒரே வார்த்தை. முடியாது என்று சண்டை போடுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். சண்டைக்குத் தயாராகவும் இருந்தேன். அவர் விட்டுக்கொடுத்ததுதான் என்னால் தாங்க முடியவில்லை. பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவினேன்.

குன்றத்தூரில் இதே தொழில் செய்யும் ஒரு தம்பி, வெள்ளக்காலத்திலிருந்தே அந்த ஜீப்பின் மேல் கண்ணாக இருந்தவர். சொல்லி அனுப்பினேன். காலை ஷிஃப்ட் முடிந்து நான் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியபோது வாசலில் காத்திருந்தார். இவருக்கு வணக்கம் சொன்னார், நேரே ஷெட்டுக்குப் போனார், பானட்டில் கை வைத்தார். கையை எடுக்கவில்லை. இன்னொரு இடத்தில் வைத்துப் பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாக்கா, சூடா கீது?"

"வெயிலு தம்பி."

"ஷெட்டுக்குள்ள ஏதுக்கா வெயிலு?"

எனக்குச் சுருக்கென்றது. நான் தொடவில்லை, என் பிள்ளைகுட்டி என்று இங்கே யாரும் கிடையாது, சாவி அவர் தலைமாட்டில்தான் தொங்குகிறது என்று என்னென்னவோ சொன்னேன். அந்தத் தம்பி கோபப்படவில்லை. வருத்தப்பட்டார், அது இன்னும் மோசம். "நான் வரதுக்கு முன்னாடியே யாரையோ வுட்டு ஸ்டார்ட் பண்ணி வச்சிக்கினு, எங்கிட்டயே இப்பிடி பேசறியேக்கா. அண்ணன் இருந்தா இப்பிடிச் செய்வாரா?" என்றார்.

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவரு இங்கதான் கீறாரு! கண்ணு தெரியல? கெளம்பு மொதல்ல!" என்று நான் கத்திய கத்தலில் தம்பி பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எங்கள் ஷெட்டில் யாரும் யாரையும் ஏமாற்றியதில்லை என்று பேர் எடுத்திருந்தோம். அது என் கையாலேயே போயிற்றே. திரும்பி இவரைப் பார்த்தேன். பரீட்சையில் பிட் அடித்து மாட்டிக்கொண்ட பையனைப் போல் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். மடியில் மல்லாந்து கிடந்த வலது உள்ளங்கையில் கிரீஸ் கறை.

நான் ஷெட்டுக்குள் ஓடினேன். மண் தரையில் டயர் தடம் முன்னும் பின்னுமாக ஓடி ஓடிப் பள்ளமாகவே விழுந்திருந்தது. ஷெட்டின் கடைசியிலிருந்து கேட் வரைக்கும். இத்தனை நாள் ஷெட்டைக் கூட்டாமல் விட்டிருந்தேன், அந்தப் பக்கம் எனக்கும் போகப் பிடிக்காததால். வண்டிக்குள் எட்டிப் பார்த்தேன். குட்டைக் கம்பி லோ-வில் இருந்தது.

"யோவ், வுழுந்து கிழுந்து கெடந்தா எவன்யா வந்து தூக்குவான்? கேட்ட இட்ச்சிக்கினு ரோட்டுக்குப் பூட்டிருந்தா? டிரெய்லர்க்காரன் நிறுத்துவானா?" இன்னும் என்னென்னவோ கேட்டேன். பாதியில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் சிரித்தார். வாயின் வலது பக்கம் மட்டும் சிரித்தது. விழுந்த நாளிலிருந்து நான் பார்த்த முதல் சிரிப்பு.

"காட்டு" என்றேன்.

எழுந்து வந்தார். வண்டியின் இடது பக்கத்தில் முதுகைக் கொடுத்து நின்று, வலது கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்து, பின்பக்கமாக சீட்டில் உட்கார்ந்தார். பிறகு இடது காலை ஒரு சாமானைப் போல வலது கையால் தூக்கி உள்ளே ஓரமாக வைத்தார். சாதாரண வண்டி என்றால் கியர் இடது கைக்கு வரும், அந்தக் கை இல்லை. இந்த வண்டியில் கியர் வலது கைக்கு வந்தது. சாவி வலது கைக்கு வந்தது. ஸ்டார்ட்டர் தரையில் ஒரு குமிழ், வலது காலால் மிதிப்பது. பிரேக்கும் வலது கால். கிளட்ச் ஒன்றுதான் இடது கால். அதைத்தான் அவர் தொடுவதே இல்லை. எஞ்சின் ஆஃபாக இருக்கும்போதே முதல் கியரைப் போட்டுவிட்டு, லோ-வில் வைத்து, ஸ்டார்ட்டரை மிதித்தார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, ஸ்டார்ட் ஆகும்போதே நகர்ந்தது. கேட்டை நெருங்கியதும் சாவியைத் திருப்பினார். நின்றது. ரிவர்ஸைப் போட்டு மறுபடியும் மிதித்தார். நான் ஷிஃப்டில் இருக்கிற நேரமெல்லாம் மனிதர் இதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறார்.

நான் மனையின் பின்கேட்டைத் திறந்துவிட்டு வலது பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். மனைக்குப் பின்னால் சின்ன ஏரி, கோடையில் வெடித்துக் கிடந்தது. அதில் இறங்கினோம். வண்டி நடந்தது. கருவேல மரங்களுக்கு அப்பால் கம்பெனிகளின் வெள்ளைச் சுவர்கள் தெரிந்தன. ஏரியின் நடுவில் வண்டியை ஆஃப் செய்தார்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

வார்த்தைகளைத் தேடினார். நான் அவசரப்படுத்தவில்லை, அது எனக்கு வராத பழக்கம், அன்றைக்கு வந்தது. "எல்லாருக்கும் தெரியும், நான் பாதி ஆளுன்னு" என்றார். "இதுக்கு மட்டும்... தெரியாது."

நான் விற்கவில்லை. குன்றத்தூர்த் தம்பிக்கு ஃபோன் செய்து நடந்ததைச் சொன்னேன். அவர் "என்னியப் போய் அப்பிடிப் பேச வச்சிட்டியேக்கா" என்றார். குடோன் வேலை ஆரம்பிக்கிற வரைக்கும் இருந்துகொள்ளுங்கள் என்று மனைக்காரரும் விட்டார்.

அதன் பிறகு தினமும் வேலை முடிந்து வந்ததும் வீட்டுக்குள் போகமாட்டேன். முதலில் ஷெட்டுக்குப் போய்ப் பானட்டில் கை வைப்பேன். வெதுவெதுப்பாக இருந்தால் எனக்கு அன்றைய நாள் நல்ல நாள். ஊரில் எல்லா ஜீப் வியாபாரியும் ஆறிய பானட்டைத் தேடுவான், நான் ஒருத்தி சூட்டைத் தேடினேன். ஒருநாள் சில்லென்று இருந்தது. செருப்பைக்கூட விடாமல் உள்ளே ஓடினேன். கட்டிலில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்தார். "பேட்டரி டவுனு. என்னத்தப் பாத்துக்கிட்டு இருந்தே?" என்று என்னைத் திட்டினார். பழைய ஆள் மாதிரியே திட்டினார். எனக்கு அவ்வளவு ஆனந்தமாக இருந்தது.

அவர் போன அன்று பானட் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. அதனால் நான் நிம்மதியாகக் கொடியில் காய்ந்த துணிகளை எடுத்தேன், வாசலிலேயே நின்று மடித்தேன், பக்கத்து மனைக் காவலாளியிடம் நாலு வார்த்தை பேசினேன். உள்ளே போனபோது கட்டிலில் படுத்திருந்தார். ஓட்டிவிட்டு வந்து சாவியைத் தலைமாட்டு ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்தவர்தான். அந்தச் சூட்டை நம்பினேன். அது பொய் சொல்லவில்லை, ஓட்டியபோது அவர் இருந்தார் என்றுதான் சொன்னது. மீதியெல்லாம் நானாக நினைத்துக்கொண்டது.

குடோன் வேலை ஆரம்பித்தார்கள். முதலில் அளவுக் கல் நட்டார்கள், பிறகு பொக்லைன் வந்து நின்றது. நான் மணிமங்கலத்தில் அப்பா வீட்டு மாடிக்குச் சாமான்களை அனுப்பினேன். அங்கே ஜீப் நிற்க இடமில்லை. இருந்திருந்தாலும் அதை ஓட்டாமல் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. குன்றத்தூர்த் தம்பி லாரியோடு வந்தார். ஒன்றும் பேரம் பேசவில்லை. பேச்சோடு பேச்சாக, கை தானாகப் போய்ப் பானட்டின் மேல் உட்கார்ந்தது.

"நல்லா சில்லுனு கீது..." என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். பிறகுதான் உறைத்தது. கையை எடுத்து எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப் பையில் விட்டுக்கொண்டார். அவர் கண் கலங்கிவிட்டது. அவர்மேல் தப்பில்லை. தொழில்காரர் கை அப்படித்தான் போகும்.

"கேட்டு வரிக்கும் நான் எடுத்துக்கினு வரேன் தம்பி" என்றேன்.

"ஒனக்கு ஓட்டத் தெரியுமாக்கா?"

"அந்தத் தூரத்துக்குத் தெரியும்."

ஏறி உட்கார்ந்தேன். நான் தைத்த உறைதான், வலது பக்கம் மட்டும் அமுங்கிப் போயிருந்தது. உடம்பின் பாரத்தையெல்லாம் அவர் அந்தப் பக்கமே போட்டிருக்கிறார். குட்டைக் கம்பி லோ-வில்தான் இருந்தது. முதல் கியரைப் போட்டேன். என் இடது கால் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அதைக் கையால் எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டேன். ஸ்டார்ட்டரை மிதித்தேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, அவர் போட்டு வைத்த தடத்தில் தானாக நடக்க ஆரம்பித்தது. நான் ஸ்டீயரிங்கைச் சும்மா பிடித்துக்கொண்டிருந்தேன். அது வேறெங்கும் போகவில்லை. கேட்டில் சாவியைத் திருப்பினேன்.

இறங்கிப் பானட்டில் கை வைத்துப் பார்த்தேன். ஷெட்டிலிருந்து கேட் வரைக்கும் ஓடினால் எந்தப் பானட்டும் சூடாகாது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் வைத்த கையை எடுக்க முடியவில்லை. தம்பி லாரிக்குப் பக்கத்தில் தள்ளிப் போய் நின்று காத்துக்கொண்டிருந்தார்.